இல்லாத மலையும் இருந்த ஊரும்: காலனியக் காலத்துப் பழைய வரைபடங்களைப் படிக்க ஓர் அறிமுகம்

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் லண்டனிலோ பாரிசிலோ அச்சான ஆப்பிரிக்க வரைபடம் ஒன்றைப் பாருங்கள். கண்டத்தின் மேற்குப் பகுதியில், கிழக்கு மேற்காக ஒரு மலைத்தொடர் நீண்டு கிடக்கும். கம்பளிப்பூச்சிகளை வரிசையாக விட்டதுபோல் சிறுசிறு கோடுகளால் வரைந்திருப்பார்கள். பக்கத்தில் 'கோங் மலைகள்' என்று பெயரும் இருக்கும்.

அந்த மலைத்தொடர் அங்கே இல்லை. என்றைக்குமே இருந்ததில்லை. 1798இல் ஒரு வரைபடத்தில் பிறந்து, ஏறக்குறைய 90 ஆண்டுகள் காகிதத்தில் மட்டுமே நின்ற மலை அது.

பழைய வரைபடங்களைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். தொலைதூர நாட்டை ஐரோப்பாவில் எப்படி வரைந்தார்கள், யார் பேச்சைக் கேட்டு வரைந்தார்கள், யார் பேச்சைக் கேட்காமல் விட்டார்கள், வரைந்ததை நம்பி என்ன செய்தார்கள் என்பதெல்லாம் இந்த ஒரு கதையிலேயே வந்துவிடுகின்றன.

மலை பிறந்த விதம்

மங்கோ பார்க் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1795இல் காம்பியா ஆற்றின் வழியாக மேற்கு ஆப்பிரிக்காவுக்குள் போனார். நைஜர் என்ற பேராறு எந்தத் திசையில் ஓடுகிறது என்பதே அப்போது ஐரோப்பாவில் தீராத கேள்வி. 1796 ஜூலையில் செகு நகரத்தருகே பார்க் அந்த ஆற்றைப் பார்த்தார். அது கிழக்கு நோக்கி ஓடியது. போகிற வழியில் ஓரிடத்தில் தூரத்தில் மலைகள் தெரிந்தன என்றும், அவை கோங் என்ற நாட்டில் இருப்பதாக உள்ளூரார் சொன்னார்கள் என்றும் எழுதிவைத்தார். அவர் சொன்னது அவ்வளவுதான்.

அவர் ஊர் திரும்பி எழுதிய பயண நூலுக்கு வரைபடம் தயாரித்தவர் ஜேம்ஸ் ரென்னல். அன்றைக்குப் புவியியலில் ரென்னல் சொன்னால் மறுபேச்சு கிடையாது. நைஜர் கிழக்கே ஓடி, உள்நாட்டு ஏரிகளிலும் சதுப்பு நிலங்களிலும் பரவி ஆவியாகிவிடுகிறது என்பது அவர் முடிவு. அது சரியென்றால், அந்த ஆறு தெற்கே திரும்பிக் கினி வளைகுடாவில் கலக்காமல் ஏதோ ஒன்று குறுக்கே நிற்க வேண்டும். பார்க் தூரத்தில் பார்த்த மலைகள் அதற்குக் கைகொடுத்தன. லண்டனில் ஒரு மேசையின் மேல் அந்தச் சில மலைகள் நூற்றுக்கணக்கான மைல் நீளத் தொடராக வளர்ந்தன.

பார்க் பொய் சொல்லவில்லை. ரென்னலும் ஏமாற்ற நினைக்கவில்லை. ஆற்றைப் பற்றி ஒரு கருத்து ஏற்கெனவே இருந்தது. அந்தக் கருத்துக்கு ஒரு மலை தேவைப்பட்டது. கிடைத்த சின்னத் தகவல் அந்த அச்சுக்குள் ஊற்றப்பட்டது. காலனியக் கால வரைபடங்களில் பெரும்பாலான பிழைகள் இப்படி வந்தவைதான். அவற்றை அறியாமை என்று ஒதுக்கிவிட்டால் பாதியைத்தான் புரிந்துகொள்வோம்.

அடுத்த சில ஆண்டுகளில் மற்ற வரைபடக்காரர்கள் அந்தத் தொடரை இன்னும் கிழக்கே இழுத்து, பழங்காலம் முதலே கதையாக வந்த 'நிலா மலைகள்' வரை கொண்டுபோய் இணைத்தார்கள். கண்டத்தையே குறுக்காகப் பிளக்கும் சுவர்போல் ஆகிவிட்டது.

ஏன் யாரும் அழிக்கவில்லை? அச்சுத்தொழில் நடந்த விதமும் ஒரு காரணம். அந்தக் காலத்து வரைபடம் செப்புத் தகட்டில், கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றிச் செதுக்கப்படும். தகடு செய்ய மாதக்கணக்கில் வேலை, நிறையப் பணம். ஒரு பதிப்பாளர் இறந்தால் அடுத்தவர் அந்தத் தகட்டை வாங்கி, பெயரையும் ஆண்டையும் மட்டும் சுரண்டி மாற்றி மறுபடி அச்சிடுவார். புதிதாகச் செதுக்குகிறவரும் பெரும்பாலும் முந்தைய வரைபடத்தைப் பார்த்தே செதுக்குவார். ரென்னல் மாதிரி ஒருவர் வரைந்த மலையை நீக்கும் துணிச்சல் யாருக்கு வரும்? போட்டால் கேள்வி இல்லை, எடுத்தால் காரணம் சொல்ல வேண்டும்.

1830இல் லாண்டர் சகோதரர்கள் படகில் நைஜரோடு போய், அது கினி வளைகுடாவில்தான் கலக்கிறது என்று காட்டிவிட்டார்கள். மலைக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. அப்படியும் அது போகவில்லை. மலையை ஆறு உடைத்துக்கொண்டு போவதாக வரைந்தார்கள்.

ஆற்றின் போக்கு அங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியாத ரகசியமா என்றால், இல்லை. 1824இல் கிளாப்பர்ட்டன் என்ற பிரிட்டிஷ் பயணி சொகோட்டோவுக்குப் போனபோது, அந்நாட்டு சுல்தான் முகம்மது பெல்லோ மணலில் ஆற்றின் போக்கை வரைந்து, அது கடலில் போய்ச் சேர்வதாகச் சொன்னார். அதைக் கிளாப்பர்ட்டனே எழுதிவைத்திருக்கிறார். லாண்டர் சகோதரர்கள் 'கண்டுபிடித்ததற்கு' ஆறு ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி இது. மணல் வரைபடம் காற்றில் போனது, செப்புத் தகடு நின்றது.

கடைசியில் மலையை அழித்தவர் லூயி-குஸ்தாவ் பென்ழே என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரி. 1888இல் அவர் இன்றைய ஐவரி கோஸ்ட் நாட்டிலுள்ள கோங் ஊருக்கே போய்ச் சேர்ந்தார். தொடுவானத்தில் ஒரு மலைத்தொடரும் இல்லை. நாடு திரும்பிப் பாரிசில் அதை அறிவித்தார். பென்ழே வெறும் உண்மை தேடிப் போனவர் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பயணத்திலேயே கோங் பிரெஞ்சுப் பாதுகாப்பின் கீழ் வருவதாக ஒப்பந்தம் போட்டார்கள். 1893இல் ஐவரி கோஸ்ட் பிரெஞ்சுக் காலனியானபோது அதன் முதல் ஆளுநர் அவரேதான். அபிஜான் அருகே இன்றும் பென்ழெர்வில் என்ற ஊர் அவர் பெயரில் இருக்கிறது. தவறான வரைபடம் மட்டும் ஆட்சிக்கு உதவவில்லை. திருத்திய வரைபடம் இன்னும் நன்றாக உதவியது.

ரென்னல் வேறெங்கே வரைந்தார்?

இந்த ரென்னல் நமக்கு அந்நியர் இல்லை. இந்தியாவை முதன்முதலில் பெரிய அளவில் அளந்து வரைந்த ஆங்கிலேயர் அவர்தான். கிழக்கிந்தியக் கம்பெனிக்காக 1764இல் வங்காளத்தின் ஆறுகளை அளக்கத் தொடங்கி, 1767இல் வங்காளத்தின் தலைமை சர்வேயர் ஆனார். நடுவில் 1765இல் கம்பெனிக்கு வங்காளத்தில் வரி வசூலிக்கும் உரிமை கிடைத்தது. நிலம் எவ்வளவு, எந்த ஆற்றில் படகு போகும், படை எந்த வழியில் நடக்கலாம் என்பதெல்லாம் உடனே தெரிந்தாக வேண்டிய நிலை. ரென்னலின் வங்காள வரைபடங்கள் அந்தத் தேவையிலிருந்து வந்தவை. அளக்கப்பட்டவர்கள் இதை உணராமல் இல்லை. 1766இல் பூட்டான் எல்லைப் பக்கம் சந்நியாசிப் படையினரோடு நடந்த மோதலில் ரென்னல் படுகாயமடைந்தார்.

அவருடைய புகழ்பெற்ற 'இந்துஸ்தான்' வரைபடம் 1782இல் லண்டனில் வெளிவந்தது. அதன் மூலையில் ஒரு சித்திரம் உண்டு. பழைய வரைபடங்களில் தலைப்பைச் சுற்றி வரையப்படும் இந்த அலங்காரத்துக்குக் கார்ட்டூஷ் என்று பெயர். புதிதாகப் பார்க்கிறவர்கள் இதை வெறும் அழகு வேலை என்று தாண்டிவிடுவார்கள். நான் எந்த வரைபடத்திலும் முதலில் பார்ப்பது இதைத்தான். ஏனென்றால், வரைபடத்தின் உடம்பில் எழுத முடியாததை இங்கே படமாகப் போட்டிருப்பார்கள்.

ரென்னலின் கார்ட்டூஷில் பிரிட்டானியா நிற்கிறாள். பிரிட்டனைப் பெண்ணுருவாக்கிய வடிவம் அது. அவள் முன்னால் பண்டிதர்கள் பணிந்து தங்கள் சாஸ்திர ஏடுகளை ஒப்படைக்கிறார்கள். இந்துக்களின் புனித நூல்களை பிரிட்டானியா தன் பாதுகாப்பில் ஏற்றுக்கொள்ளும் காட்சி இது என்று ரென்னலே விளக்கமும் எழுதியிருக்கிறார். 1770 பஞ்சத்தில் வங்காளம் மடிந்துகொண்டிருந்தபோது அதே நிலத்தை அளந்து நடந்தவர் அவர். பன்னிரண்டு ஆண்டு கழித்து வரைபடத்தின் மூலையில் அந்த நிலத்து மக்கள் தாங்களாகவே வந்து அடைக்கலம் கேட்கிறார்கள். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனது கனத்துப்போகிறது.

இன்னொரு விஷயம். அன்றைக்கு 'இந்துஸ்தான்' முழுவதும் கம்பெனியிடம் இல்லை. மராத்தியர்கள், ஹைதர் அலி, நிஜாம் என்று பலர் ஆண்டார்கள். அந்த நாடுகளின் எல்லைகளும் வரைபடத்தில் உண்டு. ஆனால் ஒரே சட்டத்துக்குள், ஒரே தலைப்பின் கீழ், ஒரே பிரிட்டானியாவின் காலடியில் எல்லாம் வந்துவிட்டன. ஆட்சி வருவதற்கு முன்பே படம் வந்துவிட்டது.

வெற்றிடம்

ஆரம்பக் காலத்து வரைபடக்காரர்களுக்கு வெற்றிடம் பிடிக்காது. 17ஆம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாமில் பிளாவ் குடும்பம் அச்சிட்ட ஆப்பிரிக்கப் படத்தில் உட்பகுதி முழுக்க யானையும் சிங்கமும் திரியும். ஓரங்களில் வெவ்வேறு நாட்டு மக்களை உடையும் அணிகலனுமாக நிற்கவைத்து, மேலே நகரக் காட்சிகளை வரிசையாகப் போட்டிருப்பார்கள். பணக்காரர்கள் வீட்டுச் சுவரில் மாட்டுவதற்காகச் செய்தவை அவை.

1749இல் தாங்வில் என்ற பிரெஞ்சு வரைபடக்காரர் வேறொரு வழி எடுத்தார். உறுதியாகத் தெரியாததை எல்லாம் நீக்கிவிட்டு, ஆப்பிரிக்காவின் உட்பகுதியை வெறும் வெள்ளையாக விட்டார். அறிவியல் நோக்கில் இது மிக நேர்மையான செயல், சந்தேகமில்லை. ஆனால் பார்க்கிறவர் கண்ணில் அது வேறுமாதிரி விழுந்தது. 'எங்களுக்குத் தெரியாது' என்று எழுதப்பட வேண்டிய இடம், 'இங்கே யாரும் இல்லை' என்று படிக்கப்பட்டது. யாரும் இல்லாத இடத்தில் யார் வேண்டுமானாலும் கொடி நடலாம் அல்லவா? ஆஸ்திரேலியாவை யாருக்கும் சொந்தமில்லாத நிலமாகக் கருதிய சட்ட நிலைப்பாடு, அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1992இல் மாபோ வழக்கில் தீர்ப்புச் சொல்லும்வரை நீடித்தது.

எனவே பழைய வரைபடத்தில் வெள்ளையாக ஓர் இடம் தெரிந்தால், இன்றைய வரைபடத்தை எடுத்து அதே இடத்தில் என்ன ஊர் இருக்கிறது, அது எவ்வளவு பழைய ஊர் என்று பாருங்கள். நானும் பல இடங்களில் இப்படித்தான் திகைத்திருக்கிறேன்.

துல்லியம் வந்த பிறகு

துல்லியமாக அளக்கத் தொடங்கியதும் இந்தச் சிக்கல் தீர்ந்திருக்க வேண்டுமே என்று தோன்றும். பாதிதான் தீர்ந்தது.

1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலைப் பக்கத்தில் வில்லியம் லாம்டன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டைச் சங்கிலி வைத்து அளக்கத் தொடங்கினார். முறை எளிமையானது. ஒரு கோட்டின் நீளம் துல்லியமாகத் தெரிந்துவிட்டால், அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு புள்ளியைப் பார்த்துக் கோணம் எடுக்கலாம். முக்கோணத்தின் மற்ற இரண்டு பக்கங்களும் கணக்கில் வந்துவிடும். அந்தப் பக்கமே அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடு. இப்படியே முக்கோணம் முக்கோணமாக இமயம்வரை போனார்கள். பள்ளியில் படித்த கோணவியல்தான்.

கோணம் எடுக்கும் தியோடலைட் அரை டன் எடை. காவிரிப் படுகை சமதரை; தென்னையும் பனையும் பார்வையை மறைக்கும். அதனால் கோயில் கோபுரங்களே அளவை நிலையங்களாயின. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அந்தக் கருவியை மேலே ஏற்றும்போது கயிறு நழுவி, அது சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் வாரக்கணக்கில் ஒரு கூடாரத்துக்குள் உட்கார்ந்து தானே அதைச் சரிசெய்தார். அந்தப் பொறுமையை மெச்சாமல் இருக்க முடியாது. அந்த அரை டன்னைத் தோளில் சுமந்தவர்கள், கயிறு பிடித்தவர்கள், கொடி தூக்கிக் காட்டியவர்கள், காட்டுக் காய்ச்சலில் இறந்தவர்கள் பெயர்கள் மட்டும் எந்த வரைபடத்திலும் இல்லை.

இதே அளவைத் துறைக்காக 1865இல் நயின் சிங் ராவத் என்ற குமாவுன் மலைப்பகுதிப் பள்ளி ஆசிரியர், வெளிநாட்டவருக்கு மூடியிருந்த திபெத்துக்கு யாத்ரீகர் வேடத்தில் போனார். ஒரு மைலுக்கு இரண்டாயிரம் காலடி வருமாறு நடக்கப் பழகியிருந்தார். ஜெபமாலையில் வழக்கமான 108 மணிக்குப் பதில் 100 மணி. நூறு காலடிக்கு ஒரு மணி நகரும். ஜெபச் சக்கரத்துக்குள் மந்திரச் சுருளுக்குப் பதில் அளவைக் குறிப்புகள். 1866 ஜனவரியில் லாசா போய்ச் சேர்ந்தார். ஆபத்து கருதி அவரை 'பண்டிட்' என்ற மறைபெயரால் மட்டுமே குறிப்பிட்டார்கள். 1877இல் லண்டன் ராயல் புவியியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் தந்தது. அந்த அளவுக்காவது நடந்ததே என்று எண்ணிக்கொள்ளலாம். ஆனால் உலகின் மிக உயர்ந்த சிகரத்துக்கு 1865இல் வைக்கப்பட்ட பெயர், முன்னாள் தலைமை சர்வேயர் ஜார்ஜ் எவரெஸ்டுடையது. தன் பெயர் வேண்டாம், அதை இந்நாட்டு மக்களால் சொல்லவும் எழுதவும் முடியாது என்று அவரே மறுத்துப் பார்த்தார். சோமோலுங்மா என்ற திபெத்தியப் பெயர் ஏற்கெனவே இருந்தது.

பெயர் மாற்றம் நமக்குப் பழக்கமானதுதான். தரங்கம்பாடி டிராங்குபாரானது, தூத்துக்குடி டூட்டிகோரினானது. சோழமண்டலம் கோரமண்டலமாகி, இன்று ரயிலுக்கே அந்தப் பெயர்.

கோடு போட்டவர்கள்

1884-85இல் பெர்லினில் ஐரோப்பிய நாடுகள் கூடி, ஆப்பிரிக்காவில் உரிமை கோருவதற்கான விதிகளை வகுத்தன. ஆப்பிரிக்கர் ஒருவருக்கும் அந்த மேசையில் இடமில்லை. அதற்குப் பிறகு எல்லைக்கோடுகள் வேகமாக விழுந்தன. பிரிட்டிஷ் பிரதமர் சால்ஸ்பரி 1890இல் ஒரு பேச்சில் இதை ஒப்புக்கொண்டே சொன்னார்: வெள்ளையர் கால் படாத இடங்களில் கோடு போட்டு, மலையையும் ஆற்றையும் ஏரியையும் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டிருக்கிறோம், அவை சரியாக எங்கே இருக்கின்றன என்பதுதான் எங்களுக்குத் தெரியவில்லை.

அது வெறும் பேச்சில்லை. 1885இல் பிரிட்டனும் ஜெர்மனியும் நைஜீரியாவுக்கும் கேமரூனுக்கும் நடுவே எல்லை வகுத்தபோது, கடற்கரை வரைபடத்தில் இருந்த ரியோ தெல் ரே என்ற ஆற்றை எல்லையாக எடுத்துக்கொண்டார்கள். பிறகு போய்ப் பார்த்தால் அது ஆறே இல்லை, உள்ளே கொஞ்ச தூரம் போகும் ஒரு கழிமுகம்தான். பல முறை பேசி, 1913இல் வேறு கோடு போட்டார்கள். அந்தக் கோட்டால் பகாசி தீபகற்பம் கேமரூன் பக்கம் போயிற்று. அங்கே குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் தங்களை நைஜீரியர்களாகக் கருதும் மீனவர்கள். சண்டை மூண்டு, 2002இல் உலக நீதிமன்றம் அந்த 1913 ஒப்பந்தத்தை வைத்தே பகாசி கேமரூனுக்குச் சொந்தம் என்று தீர்ப்பளித்தது. காகிதத்தில் மட்டும் ஓடிய ஓர் ஆற்றில் தொடங்கிய வழக்கு அது.

நிறத்தைப் பற்றியும் கொஞ்சம். 1886இல் லண்டனின் ஒரு வார இதழோடு வந்த பேரரசு வரைபடத்தில் பிரிட்டிஷ் பகுதிகள் அனைத்தும் இளஞ்சிவப்பு. நடுவில் கீழே மறுபடியும் அதே பிரிட்டானியா, உலக உருண்டைமேல் அமர்ந்திருக்கிறாள். சுற்றிலும் குடியேற்ற நாட்டு மக்கள் அவளைப் பார்த்து நிற்கிறார்கள். வரைபட முறை மெர்க்கேட்டருடையது. 1569இல் கடலோடிகளுக்காக உருவான அந்த முறையில் திசை மாறாது, ஆனால் துருவத்தை நெருங்க நெருங்க நிலம் ஊதிப் பெருக்கும். ஆப்பிரிக்காவில் பதினாலில் ஒரு பங்குகூட இல்லாத கிரீன்லாந்து, அதில் ஆப்பிரிக்காவுக்குச் சமமாகத் தெரியும். கனடாவும் அப்படியே பெருக்க, இளஞ்சிவப்பு இன்னும் பரந்துவிட்டது.

நீங்களே பார்க்க

டேவிட் ரம்சி வரைபடத் தொகுப்பின் இணையதளத்தில் இப்படிப்பட்ட வரைபடங்கள் பெரிதாக்கிப் பார்க்கும் தரத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்றை எடுத்ததும் ஆண்டைப் பாருங்கள், யாருக்குக் காணிக்கையாக்கியிருக்கிறது என்று பாருங்கள், மூலைச் சித்திரத்தைப் பாருங்கள். எந்தப் பெயர்கள் பெரிய எழுத்தில் இருக்கின்றன? கரையோரம் நெருக்கமாகவும் உள்ளே காலியாகவும் இருந்தால், வரைந்தவர்கள் கப்பலிலிருந்து பார்த்திருக்கிறார்கள் என்று பொருள். நிறத்தை மட்டும் உடனே நம்ப வேண்டாம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை பெரும்பாலான வரைபடங்களைக் கறுப்பில் அச்சிட்டுக் கையால்தான் வண்ணம் தீட்டினார்கள். ஒரே வரைபடத்தின் இரண்டு பிரதிகளில் எல்லை நிறம் வேறுவேறாக இருக்கலாம், விற்பனைக்காகப் பின்னாளில் தீட்டியதாகவும் இருக்கலாம்.

1802க்கும் 1880க்கும் இடைப்பட்ட ஆப்பிரிக்கப் படம் கிடைத்தால், கோங் மலைகளைத் தேடுங்கள். கண்டுபிடித்தபின் அந்த மலைக்குப் பெயர் கொடுத்த ஊரையும் தேடுங்கள். அது உண்மையாகவே இருந்த ஊர். ஜூலா வணிகர்கள் கோலாக்கொட்டையும் துணியும் தங்கமும் கைமாற்றிய சந்தை நகரம், மேற்கு ஆப்பிரிக்கா முழுக்கப் பேர்பெற்ற இஸ்லாமியக் கல்வி மையம், வத்தாரா அரசர்களின் தலைநகரம். 1890களில் சாமோரி தூரே என்ற மேற்கு ஆப்பிரிக்க ஆட்சியாளரின் படை அதை அழித்தது. பின்னர் மக்கள் திரும்பி வந்து வீடு கட்டினார்கள், மண்ணாலும் மரக்கழிகளாலும் பள்ளிவாசலை மறுபடி எழுப்பினார்கள். 2021இல் கோங்கின் இரண்டு பள்ளிவாசல்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்ந்தன. சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கழிகளில் ஏறி நின்று, ஊர்க்காரர்கள் அவற்றுக்கு மண் பூசுகிறார்கள்.